சின்ன வயதில் வீசிங் இருந்த பையன் போர் விமானி ஆகலாமா?

மூச்சு நலம்: வாசகர் கேள்விகளுக்கு நெஞ்சக நோய் மருத்துவர் பதில்

சேலத்தில் கிளினிக் வைப்பதற்கு முன்பு ஐந்து வருடம் விமானப்படையில் மருத்துவ அதிகாரியாக இருந்தேன். போன மாதம் ஒரு பதிலில் அதைப் போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் நான்கை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரர் காப்பித் தோட்டத்தில் ரைட்டர். ஒரே மகன், பதினொன்றாம் வகுப்பில் சேரப் போகிறான். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை மழைக்காலம் வந்தால் அவனுக்கு வீசிங் வந்துவிடும். நடுராத்திரியில் ஜீப் பிடித்து மலை இறங்கி சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். மாஸ்க் வைத்துப் புகை கொடுப்பார்கள், விடிந்தால் விளையாட ஆரம்பித்துவிடுவான். ஏழு வயதுக்கு அப்புறம் அந்தத் தொந்தரவே இல்லை. இப்போது பள்ளி ஃபுட்பால் டீமில் ஆடுகிறான். மார்கழிப் பனியில் காலையில் வரிசையாகத் தும்முவான், அவ்வளவுதான். போர் விமானி ஆகியே தீருவேன் என்கிறான். "ஃபைலில் ஆஸ்துமா என்று ஒரு தடவை எழுதியிருந்தாலே எடுக்க மாட்டார்கள், பழைய ஃபைலைக் கிழித்துப் போடுங்கள்" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கிழித்துவிடலாமா? இவன் ஆசை நடக்குமா?
- ஒரு தாய், நாகலூர்

கிழிக்காதீர்கள் அம்மா. அந்த ஃபைலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். கடைசியாக எந்த வயதில் வீசிங் வந்தது, எத்தனை முறை நெபுலைசர் வைத்தார்கள், தினமும் போடும் மருந்து ஏதாவது எழுதினார்களா, ஆஸ்பத்திரியில் தங்கவேண்டி வந்ததா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏழு வயதுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். அதற்குச் சாட்சி அந்த ஃபைலின் கடைசித் தேதிதான். கிழித்துவிட்டால் உங்கள் மகனுக்குச் சாதகமான சாட்சியும் சேர்ந்து போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. மருத்துவக் குழுவின் முன்னால் போகும்போது இதுவரை வந்த நோய்களைப் பற்றிய கேள்விப் படிவம் ஒன்றை உங்கள் மகனே நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆஸ்துமா இருந்ததா என்ற கேள்வி அதில் வரும். பதினேழு வயதுப் பையன், சீருடை போடும் முன்பே, முதல் கையெழுத்தைப் பொய்க்குப் போட வேண்டுமா? அது பின்னாளில் தெரியவந்தால், பாதிப் பயிற்சியில் வெளியே அனுப்பவும் அது ஒன்றே போதும்.

சரி, விதி என்ன சொல்கிறது? தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான, அதாவது என்.டி.ஏ.வுக்கான, யு.பி.எஸ்.சி. அறிவிப்பிலேயே விமானப்படையின் மருத்துவத் தகுதிகள் பின்னிணைப்பாக வரும். ஆஸ்துமா, மூச்சில் விசில் சத்தம், அலர்ஜித் தும்மல் ஆகியவை திரும்பத் திரும்ப வந்த வரலாறு இருந்தால் நிராகரிப்பதற்கு அது காரணம் என்று அதில் இருக்கிறது. "திரும்பத் திரும்ப" என்ற சொல்லைக் கவனியுங்கள். குழந்தையில் ஒரு தடவை மாஸ்க் வைத்தவன் எல்லாம் தகுதியில்லாதவன் என்று அங்கே எழுதவில்லை. அதே சமயம், இத்தனை வயதுக்கு முன்னால் வந்தது கணக்கில்லை என்ற கோடும் நம் விதியில் கிடையாது. அமெரிக்க ராணுவத்தில் அப்படி ஒரு கோடு உண்டு. பொதுவாக ராணுவத்தில் சேர்வதற்கு, 13-வது பிறந்த நாளுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததா என்றுதான் அங்கே பார்க்கிறார்கள். அதைப் படித்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று நம்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் மருத்துவக் குழு முழு வரலாற்றையும் இன்றைய நுரையீரலையும் சேர்த்து வைத்து முடிவு செய்யும். உங்கள் மகனுக்கு நான்கைந்து மழைக்காலம் தொடர்ந்து வந்திருக்கிறது. அதனால் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். நிச்சயம் எடுத்துவிடுவார்கள் என்று நான் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகிவிடும்.

ஆனால் அவனுக்கு வந்தது ஆஸ்துமாதானா? எனக்கு அது முக்கியமான கேள்வி. குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது. சாதாரண சளிக் கிருமி தொற்றினாலே உள்சுவர் வீங்கி, சளி அடைத்து, விசில் சத்தம் வந்துவிடும். குழந்தை வளர வளரக் குழாயும் அகலமாகும், சத்தமும் நின்றுவிடும். அமெரிக்காவில் டூசான் என்ற ஊரில் 1980 முதல் பிறந்த குழந்தைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் மூன்று வயதுக்குள் வீசிங் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. உங்கள் மகனுக்கு அதைவிடக் கொஞ்சம் தாமதமாக நின்றிருக்கிறது. ஆனாலும் அவன் கதை அந்தப் பக்கம்தான் சாய்கிறது. இப்படி மறைந்த பலரின் ஃபைலிலும் "ஆஸ்துமா" என்று எழுதியிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை மூச்சுக்குத் தவிக்கும்போது சொல்லாராய்ச்சி செய்ய யாருக்கும் நேரம் இருக்காது.

இப்போது நீங்கள் "அவ்வளவுதான்" என்று ஒதுக்கிவிட்ட தும்மலுக்கு வருகிறேன். மறைந்துபோன வீசிங்கைவிட இந்த மார்கழித் தும்மல்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அலர்ஜித் தும்மலும் அதே விதியில் அதே வரியில் இருக்கிறது. மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரண்டு முனை. மூக்கில் அலர்ஜி உள்ளவர்களில் பலருக்கு மூச்சுக்குழாயும் எளிதில் சுருங்கும் தன்மையோடு இருக்கும், அவர்களுக்கே தெரியாமல்.

அதனால் இந்த வருடமே ஒரு நெஞ்சக மருத்துவரிடம் கூட்டிப் போய் ஸ்பைரோமெட்ரி செய்யுங்கள். குழாயில் வாய் வைத்து, பலம் கொண்ட மட்டும் ஒரே மூச்சில் ஊதுகிற பரிசோதனை அது. முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது, மொத்தத்தில் அது எத்தனை பங்கு என்று பார்ப்போம். அப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுக்கச் சொல்லி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வோம். மருந்துக்குப் பிறகு அளவு 12 சதவீதத்துக்கு மேல் கூடினால் குழாய் சுருங்கித்தான் இருந்திருக்கிறது என்று அர்த்தம். இதில் ஒரு சிக்கல் உண்டு. சித்திரை வெயிலில், உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எடுத்தால் ஆஸ்துமா உள்ளவருக்கும் நார்மல் என்றே வரும். அதனால் அவன் தும்மிக்கொண்டிருக்கும் மார்கழியில் ஒரு தடவை எடுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் ஓடவிட்டு ஊதச் சொல்லும் பரிசோதனை இருக்கிறது. மெத்தகோலின் என்ற மருந்தைச் சிறிது சிறிதாக இழுக்க வைத்து, குழாய் சுருங்குகிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் பெரிய மையங்களில் செய்வார்கள். இதில் எல்லாம் சுத்தமாக வந்தால், உங்கள் பழைய ஃபைலும் இந்த ரிப்போர்ட்டும் சேர்ந்து ஒரு முழுக் கதையைச் சொல்லும்: சின்ன வயதில் வந்தது, நின்றது, இன்று நுரையீரலில் ஒரு குறையும் இல்லை.

விமானப்படை இவ்வளவு கறாராக இருப்பது ஏன் என்று மகனுக்கும் புரிய வேண்டும். புரிந்தால் அவனே ஃபைலைக் கிழிக்கச் சொல்ல மாட்டான். அடிவாரத்தில் சிப்ஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் முடிந்து ஏற்காட்டில் இறங்கும்போது பாக்கெட் உப்பி வெடிக்கிற மாதிரி நிற்கும். உள்ளே காற்று ஒன்றும் கூடவில்லை. வெளியே அழுத்தம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். இது ஏறத்தாழ 4,000 அடி ஏற்றத்துக்கே நடக்கிறது. அதே உயரத்தைப் போர் விமானம் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஏறிவிடும். 18,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். அந்த உயரங்களில் விமானத்தின் அழுத்தம் திடீரென்று போய்விட்டால், உடம்புக்குள் மாட்டிக்கொண்ட காற்றெல்லாம் அந்த சிப்ஸ் பாக்கெட் மாதிரி விரியும். நல்ல நுரையீரலில் அது வாய் வழியாக வெளியேறிவிடும். சுருங்கிய குழாய்க்குப் பின்னால் சிறைப்பட்ட காற்றுக்கு வழி கிடையாது. நுரையீரலைக் கிழித்துக்கொண்டு நெஞ்சறைக்குள் போகலாம்.

அடுத்தது ஜி விசை, அதாவது விமானம் வேகமாகத் திரும்பும்போது உடம்பை அழுத்துகிற விசை. 9 ஜி திருப்பத்தில் 70 கிலோ எடையுள்ள ஆள் 630 கிலோ கனப்பார். மூளையிலிருந்து ரத்தம் கீழே வடியாமல் இருக்க விமானி கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி, மூச்சைப் பிடித்து, சுமார் மூன்று விநாடிக்கு ஒரு தடவை சட்டென்று விட்டுச் சட்டென்று இழுக்க வேண்டும். மூச்சை விடுவதற்கே திணறுகிற நுரையீரலால் இதைச் செய்ய முடியாது. முகமூடியில் வருவதோ ஈரப்பதமில்லாத வறண்ட காற்று. வறண்ட காற்றும் வேகமான மூச்சும் ஆஸ்துமாவைத் தூண்டுகிற இரண்டு பெரிய காரணங்கள். ஒற்றை இருக்கை விமானத்தில் கொஞ்சம் பிடி என்று கொடுக்கப் பக்கத்தில் யாரும் இல்லை.

நான் வேலை பார்த்த தளத்தில் தினமும் காலை பறப்பதற்கு முன் விமானிகள் எங்கள் முன்னால் வந்து நிற்பார்கள். நாடி, ரத்த அழுத்தம், காது, மூக்கு எல்லாம் பார்ப்போம். ஒரு நாள் இளம் அதிகாரி ஒருவர், "சும்மா சளிதான் மேடம்" என்றார். மூக்கைப் பொத்தி ஊதச் சொல்லிக் காதைப் பார்த்தேன். செவிப்பறை அசையவில்லை. மூன்று நாள் பறக்கக் கூடாது என்று எழுதினேன். அவருக்குக் கோபம், முகம் சிவந்துவிட்டது. ஆனால் அடைத்த காதோடு கீழே இறங்கும்போது வலி தாளாமல் கவனம் சிதறினால் போவது அவர் உயிர் மட்டுமல்ல. ஒரு சளிக்கே அங்கே இந்தக் கணக்கு என்றால் ஆஸ்துமாவுக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வரிசை எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் கட்டாயம். வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள். யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு வருடத்துக்கு இரண்டு தடவை. அதில் தேறினால் விமானப்படைத் தேர்வு வாரியம். நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் மைசூர் போவார்கள். விமானியாகும் திறனைக் கம்ப்யூட்டரில் சோதிக்கும் தேர்வு அங்கே நடக்கும். அதில் ஒரு தடவை தவறினால் வாழ்நாளில் மறு வாய்ப்பு இல்லை. இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் மருத்துவப் பரிசோதனை. விமானி ஆக விரும்புகிறவர்களுக்கு அது பெங்களூரில் உள்ள விமான, விண்வெளி மருத்துவ நிறுவனத்திலோ டெல்லியில் உள்ள விமானப்படை மத்திய மருத்துவ மையத்திலோ நடக்கும். தகுதியில்லை என்று சொன்னாலும் அதோடு முடிந்துவிடாது. மேல்முறையீட்டு மருத்துவக் குழு இருக்கிறது. உங்கள் ஃபைலும் ரிப்போர்ட்டும் அங்கேதான் பேசும்.

பரிசோதனை கடைசியில் வருவதால் பல வீடுகளில் இரண்டு வருடம் கோச்சிங்குக்குப் பணம் கட்டிய பிறகுதான் உடம்பைப் பற்றி யோசிக்கிறார்கள். நீங்கள் முதலில் நுரையீரலைப் பாருங்கள். கண்ணையும் பாருங்கள். உயரம் 162.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. காலின் நீளத்துக்கும் உட்கார்ந்த உயரத்துக்கும்கூட அளவு உண்டு, விமானி அறையில் உட்கார வேண்டுமே. தும்மலுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ஒழுங்காகப் போடுங்கள். அவன் படுக்கும் அறையில் பழைய கம்பளி, பூஞ்சை பிடித்த சுவர், விறகடுப்புப் புகை இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். காப்பிக் கொட்டை காய வைக்கிற களத்தின் தூசிக்கும் அவனை விடாதீர்கள். உங்கள் மகனுக்கு வழி அடைபட்டுவிடவில்லை அம்மா. தயவுசெய்து அந்த மார்கழிப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

டாக்டர் மேடம், நான் கொண்டலாம்பட்டியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். 2016-ல் முதன்முதலாகப் போர் விமானிகளான மூன்று பெண்களின் படத்தைத் தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். எனக்கு ஒன்பது வயதிலிருந்து ஆஸ்துமா. தினமும் காலையும் ராத்திரியும் தடுப்பு இன்ஹேலர் எடுக்கிறேன், அதனால் நன்றாக இருக்கிறேன். என்.டி.ஏ. எழுதப் போகிறேன். "மூணு மாசம் இன்ஹேலரை நிறுத்திடு, உடம்பில் மருந்து இருக்காது, டெஸ்ட்ல தெரியாது" என்று மாமா பையன் சொல்கிறான். நிறுத்தலாமா?
- வாசகி, கொண்டலாம்பட்டி

கண்ணு, நிறுத்தாதே. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தியிருந்தால் இன்று ராத்திரியே மறுபடி ஆரம்பி.

என் தம்பியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் அம்மாப்பேட்டையில் கைத்தறி வீட்டுப் பிள்ளைகள். பஞ்சுத் தூசிக்கு நடுவில்தான் வளர்ந்தோம். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவனுக்கு ஏழு வயதில் இழுப்பு வந்தது, போகவே இல்லை. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே அவன் விடிய விடிய விழித்திருப்பான். பாட்டி உப்பை வறுத்துத் துணியில் கட்டி நெஞ்சில் ஒத்தடம் கொடுப்பார். பதினைந்து வயதில் தடுப்பு இன்ஹேலர் கிடைத்த பிறகுதான் அவன் முழு ராத்திரி தூங்கினான். அவனுக்கும் உன் ஆசைதான். டியூஷன் எடுத்தவர் ஒருவர் உன் மாமா பையன் சொன்னதையே அவனிடம் சொன்னார். நான் அப்போது மருத்துவக் கல்லூரி மாணவி, ஹாஸ்டலில் இருந்தேன். தம்பி எங்கள் யாரிடமும் சொல்லாமல் நான்கு மாதம் இன்ஹேலரைத் தொடவில்லை. உடம்பைத் தேற்ற வேண்டும் என்று விடியற்காலையில் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டு ரோட்டில் ஓடப் போவான். ஒரு தை மாதக் காலை, ஒன்பதாவது வளைவில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கிய வண்டிக்காரர் ஒருவர் அவனைத் தூக்கிப் போட்டுக் கீழே கொண்டு வந்தார். அவர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. உதடு நீலமாக இருந்ததாம். மூன்று நாள் ஆக்சிஜனில் இருந்தான். அம்மா வீட்டைப் பெருக்கும்போது தறிக்குழிக்குள் பிரிக்காத இன்ஹேலர் டப்பா நான்கு கிடைத்தது.

நான் நெஞ்சக மருத்துவம் படித்ததற்கு அந்த நான்கு டப்பாதான் காரணம்.

உன் மாமா பையனின் கணக்கு தலைகீழ். தடுப்பு இன்ஹேலர் மூச்சுக்குழாயின் வீக்கத்தை அடக்கி வைத்திருக்கிறது. நிறுத்தினால் ரத்தத்தில் மருந்து இருக்காதுதான், ஆனால் வீக்கம் திரும்பிவிடும். மருத்துவக் குழு ரத்தத்தில் மருந்தைத் தேடப் போவதில்லை. உன் மூச்சைத்தான் பார்க்கப் போகிறார்கள். அதாவது எது தெரியக் கூடாது என்று நினைக்கிறாயோ அதையே நீ பெரிதாக்கிக் காட்டப் போகிறாய். நடுவில் உன் உயிருக்கும் ஆபத்து. நீல நிற நிவாரண இன்ஹேலரை மட்டும் வைத்துச் சமாளிக்கலாம் என்றும் நினைக்காதே. அது அந்த நேரத்துக்குக் குழாயை விரித்துவிடும், வீக்கத்தைத் தொடாது. நிவாரண மருந்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலே 2019-ல் சொல்லிவிட்டது.

இப்போது உனக்குப் பிடிக்காத பதிலையும் சொல்லியாக வேண்டும். ஒன்பது வயதிலிருந்து இன்றுவரை தொடரும் ஆஸ்துமா, தினசரி மருந்து. விமானப்படை இதை ஏற்காது. இந்த விதி விமானிக்கு மட்டும் அல்ல, தரைப்பணி அதிகாரிகளுக்கும் இருக்கிறது. 2022 முதல் என்.டி.ஏ.வில் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். எத்தனையோ வருடம் மூடியிருந்த கதவு திறந்த பிறகு உன் நுரையீரல் குறுக்கே நிற்பது எனக்கே ஆற்றாமையாக இருக்கிறது. ஆனால் பொய் நம்பிக்கை தந்து உன்னை அந்த வளைவுக்கு நான் அனுப்ப மாட்டேன்.

பயணிகள் விமானம், சிறு விமானங்கள் ஓட்டுவதற்கான கதை வேறு. அதற்கு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அளவுகோல்: குறிப்பிடத்தக்க தொந்தரவு தருகிற ஆஸ்துமா, அல்லது பறக்கும்போது செயலிழக்கச் செய்துவிடக்கூடிய ஆஸ்துமா இருந்தால் தகுதியில்லை. ஆஸ்துமா என்ற பெயர் இருந்தாலே தகுதியில்லை என்று அது சொல்லவில்லை. நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்புப் பரிசோதனை, பிறகு வணிக விமானி உரிமத்துக்கு முதல் வகுப்புப் பரிசோதனை. லேசான, மருந்தில் முழுக் கட்டுப்பாட்டில் உள்ள ஆஸ்துமாவாக இருந்தால் அங்கே கேட்டுப் பார்க்கும் தகுதி உனக்கு இருக்கிறது. பறக்கும் பயிற்சிக்குப் பல லட்சம் ஆகும். விசைத்தறிக் குடும்பத்துக்கு அது என்ன தொகை என்று எனக்குத் தெரியும். அதனால் பரிசோதனை முடிந்து சான்று கையில் வராமல் அப்பாவை ஒரு ரூபாய்கூடக் கட்ட விடாதே. அதற்கும் முழுக் கட்டுப்பாடுதான் முதல் நிபந்தனை. இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தால்தான் அந்த வழியே திறக்கும். படிக்கிற இடத்தையும் படுக்கிற இடத்தையும் தறிக்கூடத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வை. பஞ்சுத் தூசியைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்.

தம்பி இப்போது பெங்களூரில் விமானப் பராமரிப்பு இன்ஜினியர். காலையில் பல் துலக்கும் முன்பு இன்ஹேலர், அப்புறம் வாய் கொப்பளிப்பு. இருபது வருடத்துக்கு மேல் ஒரு நாளும் தவறியதில்லை. ராத்திரி ஷிப்டில் எஞ்சின் திறந்து கிடக்கும்போது போன் செய்து சத்தத்தைக் கேட்கச் சொல்வான். உன் சுவரில் இருக்கும் படத்தை எடுக்காதே கண்ணு, அது அங்கேயே இருக்கட்டும்.

பேரனுக்கு எட்டு வயது. அமராவதிநகர் சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்க ஆசை. அவ்வப்போது மூச்சிரைப்பு வருகிறது. ஏற்காட்டில் சொந்தக்காரர் வீடு இருக்கிறது. இரண்டு வருடம் மலைக்காற்றில் விட்டு வைத்தால் நோய் போய்விடும் என்கிறார்கள். அனுப்பலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓமலூர்

மலைக்காற்று நல்லது என்ற பேச்சுக்கு ஓர் அடிப்படை இருக்கிறது ஐயா. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்ற மலையூர் உண்டு. ஆஸ்துமா நோயாளிகளை அங்கே அனுப்பி வைப்பது நெடுங்கால வழக்கம். அதன் உயரம் 1,560 மீட்டர், நம் ஏற்காடும் ஏறத்தாழ அதே உயரம்தான். ஆனால் டாவோஸ் காற்று வறண்டது. தலையணையிலும் மெத்தையிலும் வாழும் தூசி உண்ணிகள் வறட்சியில் பிழைக்காது, அதனால்தான் அங்கே பலன். ஏற்காட்டிலோ மூடுபனியும் மழையும் ஈரச்சுவரும். உண்ணிக்கும் பூஞ்சைக்கும் அதைவிட நல்ல வீடு கிடையாது. மலையிலிருந்து இரைப்போடு என்னிடம் இறங்கி வருகிற குழந்தைகளை வருடா வருடம் பார்க்கிறேன். பேரனைப் பெற்றோரோடு இருக்க விடுங்கள். அவன் மெத்தையை வாரம் ஒரு தடவை நல்ல வெயிலில் போடுங்கள், தலையணை உறையையும் போர்வையையும் கொதிக்கிற வெந்நீரில் துவையுங்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அதை நிறுத்துவது எல்லாவற்றையும்விட முக்கியம்.

அவ்வப்போது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: தேதி, என்ன நேரம், அன்று சளி இருந்ததா, விளையாடினானா, என்ன மருந்துக்கு அடங்கியது. ஆசிரியராக இருந்தவர், உங்களைவிட இதை யார் ஒழுங்காகச் செய்வார்கள்? ஆறு மாத நோட்டு ஒன்று இருந்தால் பாதி நோயறிதல் முடிந்த மாதிரி. எட்டு வயதுப் பையனால் ஸ்பைரோமெட்ரியும் ஊத முடியும். பள்ளிக்கூடத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

தினமும் பிராணாயாமம் செய்து இரண்டு நிமிடம் மூச்சடக்கப் பழகிவிட்டேன். விமானப்படை மருத்துவப் பரிசோதனையில் நுரையீரல் டெஸ்டில் இது உதவுமா?
- வாசகர், ஆத்தூர்

மூச்சுப் பயிற்சியை விடாதீர்கள் தம்பி, மனதுக்கும் தூக்கத்துக்கும் நல்லது. ஆனால் ஸ்பைரோமெட்ரி நீங்கள் எவ்வளவு நேரம் அடக்குகிறீர்கள் என்று பார்ப்பதில்லை. எவ்வளவு வேகமாக வெளியே விடுகிறீர்கள் என்று பார்க்கிறது. முழுதாக இழுத்து, தயங்காமல் வெடித்த மாதிரி ஊதி, குறைந்தது ஆறு விநாடி நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் தடவை பலரும் சரியாகச் செய்வதில்லை, குறைந்தது மூன்று தடவை ஊதச் சொல்வது அதனால்தான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். இடுப்பில் பெல்ட்டைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.